முதலில் தண்ணீர்

2025 மார்ச் 22, சனிக்கிழமை. பெருமுக்கல் அருகில்.

இன்றைய தவறு: மலையிலிருந்து இறங்கி வரும் வழியில், மல்லாட்டைக் கொல்லையில் (வேர்க்கடலையை இங்கே இப்படிச் சொல்கிறார்கள்) ஒரு பெரியவர் நான் எந்த ஊர் என்று கேட்டார். இலங்கை என்றேன். சிலோன் தமிழா என்றார். நான் சிரித்தேன். தண்ணீர் கொடுத்தார், வீட்டுக்கு அழைத்து வந்தார். சிரிப்பு ஒரு பதில் அல்ல. ஆனால் அவர்கள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். சிறிய தவறு.

இதை எழுதிவிட்டு நதீஷா, 'சிறிய' என்ற சொல்லின் மேல் பேனா முனையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அடித்துவிடலாமா? அடித்தால் அந்த இடத்தில் எதைப் போடுவது? அவளுக்குத் தெரிந்த தமிழில் தவறுக்குச் சிறிய, பெரிய என்று இரண்டே அளவுகள்தான் இருந்தன. நடந்தது இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருப்பதாக நம்பத்தான் அவளுக்கு ஆசை.

நதீஷாவுக்குச் சொந்த ஊர் குருநாகல் பக்கம். வீட்டிலும் தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் அவள் கேட்டு வளர்ந்தது சிங்களம் மட்டும்தான். கொழும்பில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. பக்கத்து மேசைப் பெண் தினமும் மத்தியானம் தன் அம்மாவோடு போனில் தமிழில் பேசிச் சிரிப்பாள். அதில் ஒரு சொல்கூடத் தனக்குப் புரியவில்லையே என்ற வெட்கம்தான் நதீஷாவை வெள்ளவத்தையில் அருணா டீச்சரின் மாலை வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. எழுத்துத் தமிழ் முதலில் வரட்டும், பேச்சு பின்னாலேயே வந்துவிடும் என்பது டீச்சரின் கொள்கை. நாட்குறிப்புக்கும் ஒரு விதி வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் அன்றைய தவறு ஒன்றில் தொடங்கி, மறுநாள் வேலையில் முடிய வேண்டும். நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். பஸ் டிக்கெட்டுகளைக்கூடத் தேதிவாரியாக உறையில் போட்டு வைக்கும் நதீஷாவுக்கு அந்த விதி மிகவும் பிடித்துப்போயிற்று.

இருபத்தைந்து வயதில் அவள் பார்க்கும் முதல் வெளிநாடு இதுதான். முதுகில் ஒரு பை, கையில் ஒரு வரைபடம். சென்னையிலிருந்து திண்டிவனம், அங்கிருந்து மரக்காணம் பஸ்ஸில் ஏறிப் பெருமுக்கல். மலைக்கோயிலைப் பார்த்துவிட்டுத் திண்டிவனத்தில் தங்குவது, மறுநாள் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பார்ப்பது, திங்கட்கிழமை சாயங்காலம் விழுப்புரத்தில் திருச்சி ரயில். திட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. தண்ணீர் பாட்டில் மலை உச்சியிலேயே காலியாகிவிட்டதுதான் குறை.

கீழே இறங்கியபோது வெயில் உச்சந்தலைக்கு வந்திருந்தது. பஸ் அப்போதுதான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. சாலையோரக் கொல்லையில் ஒரு ஆணும் பெண்ணும் மல்லாட்டைக் கொடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நதீஷா வரப்பில் நின்று, மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, உரக்கக் கேட்டாள்.

"ஐயா, மன்னிக்கவும். அருந்துவதற்குச் சிறிது நீர் கிடைக்குமா?"

அந்தப் பெரியவர், விருத்தாசலம், நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த கொடியை மண் உதறிப் போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனார். ஈரத்துணி சுற்றிய குடத்தைச் சாய்த்துச் சொம்பில் பிடித்து வந்து நீட்டினார். அவள் குடித்தாள். மறுபடி பிடித்து வந்தார். அதையும் குடித்தாள். அடுத்த சொம்பில் முகம் கழுவிக்கொள்ளச் சைகை காட்டினார். அவள் துப்பட்டாவில் முகம் துடைத்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எந்த ஊரும்மா நீ?"

"இலங்கை, ஐயா."

"அதான பார்த்தேன்!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "முனிமா, இங்க வாயேன். இந்தப் பொண்ணு பேசுறத கேளு. அருந்த நீர் கேக்குது! நம்ம ஊர்ல எவன் பேசுறான் இப்டி? சிலோன்காரங்க தமிழுன்னா அது தமிழு. நீ சிலோன் தமிழாம்மா?"

நதீஷா சிரித்தாள். அவளுடைய தமிழை அதுவரை யாரும் பாராட்டியதில்லை. அருணா டீச்சர்கூட 'பரவாயில்லை' என்பதற்கு மேல் போனதில்லை. அந்த ஒரு நொடி சந்தோஷத்தில் வந்த சிரிப்பு அது. அது அடங்குவதற்குள் அவர் மனைவி முனியம்மாள் வந்து அவள் பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தலையில ஒரு துணிகூட இல்லாம இந்த வெயில்ல எங்க போய்க்கினு இருக்க? மூஞ்சப் பாரு, வெந்த கெழங்காட்டம். வா, சோறு துன்னலாம்."

"என் பேருந்து..."

"இன்னிக்கிப் போன பஸ்ஸு நாளைக்கும் வரும். வா ஜல்தி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நதீஷாவின் திட்டத்தில் எதுவும் நதீஷா கையில் இல்லை. கொல்லையை அடுத்த, மாடி வைத்த மெத்தை வீட்டில் மத்தியானச் சாப்பாடு போட்டார்கள். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பியவளை, பொழுதோடு பொண்ணு தனியாகப் போய் லாட்ஜில் தங்குவதாவது என்று முனியம்மாள் அதட்டி உட்கார வைத்தாள். விழுப்புரத்துக் காலேஜில் பி.எஸ்ஸி. படிக்கும் மகள் கலைப்பிரியா தன் கட்டிலைக் கொடுத்தாள், நைட்டியைக் கொடுத்தாள், போன் சார்ஜரைக் கொடுத்தாள். குளிக்க ஒரு அண்டா வெந்நீர் காய்ந்தது. யாரும் எதையும் கேட்டுக் கொடுக்கவில்லை. கொண்டுவந்து வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

முனியம்மாள் மட்டும் ஒருமுறை அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "கோயில் கயிறா? உங்க ஊர்ல வெள்ளையா கட்டுறாங்களே. அழுக்காயிப் போவாது?"

"ஆம். கோயில்," என்றாள் நதீஷா. புறப்படுவதற்கு முந்தின நாள் அவள் அம்மா விகாரைக்கு அழைத்துப் போய், பிக்கு ஒருவரைக் கொண்டு ஓதிக் கட்டிவிட்ட நூல் அது. விகாரையும் கோயில்தானே என்று மனதுக்குள் வாதாடினாள். வாதம் அவளுக்கே எடுபடவில்லை.

ராத்திரிக்குக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். கருவாட்டு வாசனை குருநாகலில் அவள் வீட்டு அடுப்படியிலிருந்து வருவதைப் போலவே இருந்தது. முதல் உருண்டையை அவள் விழுங்கிய வேகத்தைப் பார்த்துக் கலைப்பிரியா சிரித்தாள்.

"அக்கா, நல்லாருக்குதா?"

"மிகவும் சுவையாக உள்ளது. நன்றி."

"யப்பா, நியூஸ் கேக்கிற மாதிரியே இருக்குது. அக்கா, 'வானிலை அறிக்கை'ன்னு ஒருவாட்டி சொல்லேன்."

"சும்மா கெட. அதுங்க தமிழ நீ கிண்டல் பண்றியா?" என்றார் விருத்தாசலம். பிறகு தட்டைப் பார்த்தபடி, யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். "ரெண்டாயிரத்து ஒம்போது. டிவிய பார்த்துக்கினே இருந்தோம் எல்லாரும். விழுப்புரத்துல ஊர்வலம்னாங்க, போனேன். கத்திட்டு வந்தேன். வேற இன்னா பண்ண முடியும் நம்மளால? வீட்டுக்கு வந்து மொட்டை அடிச்சிக்கினேன். எங்கப்பாவுக்கு அடிச்சதுக்கப்புறம் அதுக்குத்தான் அடிச்சேன். எங்க அண்ணன் கேட்டான், 'யார்றா உனக்கு செத்தது?'ன்னு. பேரு தெரிஞ்சாத்தான சொல்லுவேன்?"

நதீஷாவின் கையில் இருந்த உருண்டை அங்கேயே நின்றுவிட்டது. அந்த மே மாதம் அவள் ஊர்ச் சந்தியில் வெடி வெடித்தார்கள். மேசை போட்டு, வருவோர் போவோருக்கெல்லாம் வாழையிலைத் துண்டில் பாற்சோறு வைத்துக் கொடுத்தார்கள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அவளும் கை நீட்டினாள்.

"ஏம்மா, காரமா?" என்றாள் முனியம்மாள்.

"இல்லை. வயிறு நிறைந்துவிட்டது."

"நாளைக்கு உனக்கு ஒண்ணு வெச்சிருக்கேன்," என்றார் விருத்தாசலம், பேச்சை மாற்றுகிறவர்போல. "கடலோரமா உங்க ஜனங்க அகதி முகாம் இருக்குதில்ல, அங்கேர்ந்து சகாயசெல்வின்னு ஒரு பொண்ணு வரும். தையலு. ஞாயித்துக்கெழம பூசை முடிச்சிட்டு, தெச்ச துணியெல்லாம் எடுத்துக்கினு வரும். போன் பண்ணிட்டேன், உங்க ஊரு பொண்ணு வந்துகீதுன்னு. அதுக்கு ஒரே சந்தோஷம். ரெண்டு பேரும் உக்காந்து ஆசை தீர உங்க ஊரு கதைய பேசுங்க."

அவர் கொடுத்த எல்லாவற்றிலும் பெரியது அதுதான் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்நிய மண்ணில் தனியாக வந்த பெண்ணுக்கு அவளுடைய ஊர்ப் பேச்சையே வரவழைத்துத் தருகிறார்.

சாப்பாடு முடிந்ததும் நதீஷா நாட்குறிப்பை எடுத்து, நாம் முதலில் பார்த்த அந்தப் பதிவை எழுதினாள். 'சிறிய' என்பதை அடித்தாள். அதன் கீழே, விதிப்படி கடைசி வரி: நாளை: அந்த அக்கா வருவதற்கு முன் இவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

சொல்வதற்கு மூன்று வாக்கியங்களைத் தயார் செய்தாள். நான் இலங்கைதான். ஆனால் நான் தமிழ்ப் பெண் அல்ல. நேற்றே சொல்லாததற்கு மன்னிக்கவும். இலக்கணத்தில் பிழை இல்லை என்று தெரிந்தும் காலையில் பல் துலக்கும்போது நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்தாள்.

ஆனால் அந்த வீட்டில் ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க வழி இல்லை. "அம்மா, நான் ஒன்று..." என்றால் முனியம்மாள் டீ டம்ளரை நீட்டினாள். "உங்களிடம் ஒரு விஷயம்..." என்றால் இட்லி வந்தது. கொல்லையில் கொடிகளைக் குவித்துப்போட்டு, அதன் முன் உட்கார்ந்து எல்லாரும் மல்லாட்டை ஆய்ந்தார்கள். கொடியிலிருந்து காயை மட்டும் பிய்த்துக் கூடையில் போடும் வேலை. நதீஷாவும் உட்கார்ந்தாள். ஒவ்வொரு காயிலும் ஒட்டியிருந்த வேரைக் கிள்ளி, மண்ணைத் துடைத்து, சோடியாகப் போட்டாள்.

"அக்கா, அதுக்குப் பவுடர் போட்டு பொட்டு வெச்சிடாத," என்றாள் கலைப்பிரியா. "இந்த ஸ்பீடுல போனா அடுத்த வெதைப்புக்குத்தான் முடிப்ப."

"ஐயா," என்றாள் நதீஷா துணிந்து. "நான் உங்களிடம் ஒன்று கூற வேண்டும்."

"கூறும்மா, கூறு," என்றார் அவர் ஆசையாக. அந்தச் சொல்லைக் கேட்ட சந்தோஷம் அவருக்கு. அந்த முகத்தைப் பார்த்ததும் நதீஷா குனிந்து கீழே பார்த்தாள். "இந்த மண்... மிகவும் சிவப்பாக உள்ளது," என்றாள்.

"செம்மண்ணு பின்ன எப்டி இருக்கும்?" என்று முனியம்மாள் சிரித்தாள்.

சாலையில் பஸ் நின்றது. தோளில் துணிப்பையோடு ஒருத்தி இறங்கி வரப்பில் நடந்து வந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது, வெள்ளைப் பூப் போட்ட நீலச் சேலை, கழுத்தில் சிலுவை. நதீஷா கையிலிருந்த காயைக் கூடையில் போடாமல் மடியில் போட்டுக்கொண்டாள்.

"வா செல்வி! இதாம்மா நான் சொன்ன பொண்ணு."

சகாயசெல்வி அவளைப் பார்த்தாள். சிரித்தாள். "வாங்கோ பிள்ளை. எவடம்?"

"குருநாகல்."

ஒரு கணம், கண் சிமிட்டும் நேரம்தான், சகாயசெல்வியின் சிரிப்பு நின்று திரும்ப வந்தது. அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அதற்குள் முனியம்மாள் உள்ளே ஓடி ஒரு ரவிக்கைத் துணியை எடுத்து வந்திருந்தாள். அரக்கு நிறத்தில் சின்னச் சரிகைக் கரை. "பொங்கலுக்கு எனக்கு வந்தது. இந்தப் பொண்ணுக்கு அளவெடுத்து இன்னிக்கே தெச்சிக் குடுத்துடு. எங்க மிஷின்லயே தெய்யி. முதமுதலா நம்ம வீட்டுக்கு வந்த பொண்ண வெறுங்கையோட அனுப்பறதா?"

அளவெடுக்க அறைக்குள் போனார்கள். சகாயசெல்வி கதவைச் சாத்திவிட்டு, டேப்பை முதுகில் பிடித்தாள், தோளில் பிடித்தாள், கையை நீட்டச் சொன்னாள். மணிக்கட்டில் வந்து டேப் நின்றது.

"இது பன்சலையில ஓதிக் கட்டின நூல் எல்லோ?" குரல் மிகத் தணிந்திருந்தது. "பிள்ளை சிங்களமோ?"

"ஆம்."

"அவையளுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. சொல்ல முயன்றேன். முடியவில்லை."

சகாயசெல்வி டேப்பைச் சுருட்டினாள். கோபம் இருக்கிறதா என்று நதீஷா அவள் முகத்தில் தேடினாள். இருந்ததா இல்லையா என்று படிக்கிற அளவுக்கு அவளுக்கு அந்த முகம் பழக்கமில்லை.

"நான் ஒண்டும் சொல்ல மாட்டன்," என்றாள் சகாயசெல்வி. "நல்ல சனம். நாளைக்கு நீங்க போயிடுவீங்கள். ஆருக்கு என்ன நட்டம்? கை நீளம் பதினொண்டு வைக்கட்டோ?"

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. இன்றைக்கு ஒரு மத்தியானம் சிரித்தால் போதும். ஆனால் நதீஷாவுக்கு நிம்மதி வரவில்லை. தான் நாளை போய்விடலாம். இந்த அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்த வீட்டுக்கு வர வேண்டும். விருத்தாசலம் ஐயா வாரம் தவறாமல், உங்க ஊரு பொண்ணு எப்படி இருக்குது, போன் பண்ணுச்சா என்று கேட்பார். தான் சொல்லாமல் விட்டதைத் தன் இடத்தில் இவள் சுமந்துகொண்டு இருக்க வேண்டும். இதற்காகவா இவளை வரவழைத்தார்கள்?

"அக்கா, ஒரு நிமிடம்," என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்து வெளியே போனாள்.

மூன்று வாக்கியங்களையும் வரிசையாகச் சொன்னாள். மூன்றாவதில் 'மன்னிக்கவும்' பாதியில் நின்றுவிட்டது.

கூடையில் காய் விழும் சத்தம் நின்றது. முதலில் பேசியவள் முனியம்மாள்தான்.

"அடிப்பாவி. அதுக்கா நேத்து ராத்திரி களிய அப்டியே வெச்ச? நான் கொழம்புல காரம் ஏறிப்போச்சின்னு ராத்திரி பூரா பேஜாரா படுத்துக்கெடந்தேன்."

விருத்தாசலம் மடியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் கிளம்புகிறேன், அம்மா. அந்தத் துணி எனக்கு வேண்டாம்."

"ஏன், சிங்களத்துப் பொண்ணுங்க ரவிக்கை போட மாட்டாங்களா?" என்றாள் முனியம்மாள். "உக்காரு. அவரு ஒண்ணு மனசுல பட்டா ஒரு வயக்காடு சுத்திட்டுத்தான் வருவாரு. எங்க அண்ணன் நெலத்த வித்தப்போ ரெண்டு நாளு பேசல. உக்காந்து ஆய்."

நதீஷா உட்கார்ந்தாள். கை தானாக வேலை செய்தது. வேரைக் கிள்ளவில்லை, மண்ணைத் துடைக்கவில்லை. அறைக்குள்ளிருந்து தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. சகாயசெல்வி யாரையும் கேட்காமல் துணியை வெட்டிவிட்டிருந்தாள்.

கொட்டகையில் மோட்டார் ஓடிற்று. நின்றது. மறுபடி ஓடிற்று. வெயில் ஏறி, குவியலின் நிழல் காலடிக்குள் சுருங்கிய பிறகு அவர் வந்தார். தலையிலும் துண்டிலும் ஈரம். நதீஷாவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நான் மொட்டை அடிச்சது அடிச்சதுதான். அதுல மாத்தம் கெடையாது."

"தெரியும் ஐயா."

"நீ அப்ப எவ்ளோ பெருசு?"

"ஒன்பது வயது." மறைப்பதென்றால் இதையும் மறைக்கலாம். ஆனால் அவள் இன்னொரு தடவை இதே இடத்தில் மாட்டிக்கொள்ள விரும்பவில்லை. "அன்று எங்கள் ஊரில் பாற்சோறு கொடுத்தார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன்."

அவர் ஒரு கொடியை எடுத்தார். காய்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார். கொடி மொட்டையான பிறகு சொன்னார்.

"ஒம்போது வயசுப் புள்ளைக்குச் சோறு குடுத்தா துன்னும். அது புள்ள குத்தமா?" குரலை உயர்த்தினார். "ஆனா எனக்கு ஒண்ணுதான் ஆத்தாமையா இருக்குது. நீ ஏன் பயந்த? தமிழ் இல்லன்னா தொரத்திடுவேன்னு நெனச்சியா? நேத்து நீ வந்து வரப்புல நின்ன. நான் ஊரக் கேட்டுட்டு தண்ணி குடுத்தனா, தண்ணி குடுத்துட்டு ஊரக் கேட்டனா? சொல்லு."

நதீஷா வாயைத் திறந்தாள். ஊர் கேட்டார், தண்ணீர் கொடுத்தார் என்றுதான் அவள் எழுதி வைத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஈரத்துணி சுற்றிய குடம். முதல் சொம்பு. இரண்டாவது சொம்பு. துப்பட்டாவில் முகம் துடைத்தது. அதுவரை அந்த மனிதர் ஒரு சொல் பேசவில்லை.

"தண்ணீர்தான் முதலில் கொடுத்தீர்கள்," என்றாள்.

"அதான்."

அப்போதுதான் கலைப்பிரியாவுக்கு அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்தது. "அப்போ அது சிலோன் தமிழே இல்லியா? கிளாஸ்ல படிச்ச தமிழா? யப்பா, ஒரு நாள் பூரா பாடப் புத்தகத்தப் பார்த்து நீ அசந்து போயிருக்கியே!"

"ஏய், போடி," என்றார் அவர். உதட்டோரம் மட்டும் லேசாக அசைந்தது. முந்தின நாள் இருந்த மலர்ச்சி திரும்பவில்லை. அது அவ்வளவு சீக்கிரம் திரும்பாது என்று நதீஷாவுக்கும் தெரிந்தது. ஆனால் மத்தியானம் இலை போட்டதும், மீன் வறுவல் தட்டைத் தன் பக்கமிருந்து அவள் பக்கம் தள்ளி வைத்தவர் அவர்தான்.

சாப்பிட்டு முடித்ததும் சகாயசெல்வி ரவிக்கையைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். தோளில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பின்பக்கம் ஒரு நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே, அவ்வளவு நேரம் மனதில் வைத்திருந்ததை வெளியே விட்டாள்.

"பிள்ளை, எனக்கு ஒரு உதவி வேணும்."

"சொல்லுங்கள், அக்கா."

"நான் கந்தளாய்ப் பக்கம் பிறந்தனான். தொண்ணூறில வரேக்க எனக்கு ஏழு வயசு. பிறப்புச் சான்றிதழ் எங்களோட வரேல்லை. அது இல்லாம நான் குடுக்கிற ஒரு மனுவும் நகருதில்லை. என்ர மகளுக்கும் அதே கதை. அங்கத்த ஒபிசுக்கு ரெண்டு முறை போன் எடுத்தனான். எடுத்தவர் தமிழும் கதைச்சிருப்பார், ஆருக்குத் தெரியும். சிங்களக் குரல் கேட்ட உடன போனை வைச்சிட்டன்." நூலை விரலில் சுற்றினாள். "சின்னனில எனக்குச் சிங்களம் நல்லா வரும். பக்கத்து வீடு சிங்கள வீடுதான். நல்லதும் கெட்டதும் அந்த வாசலாலதான் வந்தது. இப்ப எனக்கு ஒண்டு, ரெண்டு எண்ணக்கூட மறந்துபோச்சு."

"எக்க, தெக்க, துன," என்றாள் நதீஷா.

"ஹதர," என்றாள் சகாயசெல்வி. சொல்லிவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று தெரியாதவள்போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் பேசுகிறேன், அக்கா. நாளை திங்கட்கிழமை. அலுவலகம் திறந்ததும் பேசுகிறேன். அவர்கள் நேரில் வரச் சொன்னால் என் அண்ணன் போவான்."

"உங்களுக்கு நாளைக்கு ரயில் எல்லோ?"

"சாயங்காலம்தான். விட்டாலும் அடுத்த ரயில் இருக்கிறது."

"இன்னிக்கிப் போன பஸ்ஸு நாளைக்கும் வரும்," என்று கூடத்திலிருந்து முனியம்மாள் குரல் கொடுத்தாள். "செல்வி, நீயும் இங்கயே தங்கிடு. காலையில பேசிட்டுப் போவ. கலைப்பிரியா கீழ படுத்துக்கும்."

"நான் எப்பவும் கீழதான்," என்றாள் கலைப்பிரியா. "இந்த வீட்டுல எனக்குக் கட்டில் இருந்ததா ஒரு ஞாபகம்."

விருத்தாசலம் கொல்லைக்குப் போகச் செருப்பை மாட்டினவர், வாசலில் நின்றார். "ஏம்மா, இந்த வீட்டுல போனு அவ்ளோவா எடுக்காது. மாடிக்குப் போய்ப் பேசுங்க. காலையிலயே கயித்துக் கட்டில் போட்டு வெக்கிறேன்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாயும் நேரத்தில், அதே மாடியில், ஆறிய அவித்த மல்லாட்டைக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நதீஷா எழுதினாள்.

மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. பெருமுக்கல் அருகில்.

இன்றைய தவறு, உண்மையில் நேற்றையது: நேற்றைய பதிவில் வரிசை மாறிவிட்டது. ஊர் கேட்டார், தண்ணீர் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறேன். சரியான வரிசை: தண்ணீர் கொடுத்தார். மறுபடி கொடுத்தார். முகம் கழுவக் கொடுத்தார். பிறகு கேட்டார்.

நான் நன்றி என்று சொல்லும்போதெல்லாம் இந்த வீட்டில் சிரிக்கிறார்கள். அதனால் இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். நன்றி.

நாளை: காலை ஒன்பது மணிக்கு, மாடியிலிருந்து, கந்தளாய்க்குத் தொலைபேசி. சகாயசெல்வி அக்கா பக்கத்தில் இருப்பார். பிறந்தது 1983 ஆகஸ்ட், தந்தை பெயர் இருதயராஜ். பிரதி எடுக்க யார் வர வேண்டும் என்று கேட்க வேண்டும். அதற்குமுன் அண்ணனுக்குச் சொல்ல வேண்டும். மீதி மல்லாட்டையை ஆய்ந்து முடிக்க வேண்டும்.